நந்தனார் இருவர்: ஒரு வேடம், இரு குரல்கள் (1935, 1942)

முன்னுரை

சிதம்பரத்தில் போட்டி என்றாலே நடராசரும் காளியும் ஆடியதுதான் நினைவுக்கு வரும். ஊர்த்துவ தாண்டவத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் காளி ஊர் எல்லைக்குப் போனாள் என்பது தலபுராணம். தில்லைக் காளி கோயில் இன்றும் ஊரின் வட எல்லையில் தனித்தே நிற்கிறது. சிதம்பரமாகிய தில்லையை மையமாக வைத்துத் தமிழ்த் திரையிலும் ஒரு போட்டி உண்டு. தில்லைக்குப் போகத் தவித்த நந்தனாரின் வேடத்தைக் கே.பி. சுந்தராம்பாள் 1935இலும், எம்.எம். தண்டபாணி தேசிகர் 1942இலும் ஏற்றனர். இருவருமே 1908இல் பிறந்தவர்கள். இருவருமே முதலில் பாடகர்கள், பிறகே நடிகர்கள். இவர்களுள் சிறந்த நந்தனார் யார் என்பதைக் குரலை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது. நந்தனாரைத் தடுத்து எதிரே நிற்கும் நிலக்கிழார் வேதியரையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஒரே தொண்டையில் இரு பாத்திரங்கள்

சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இந்த வேதியர் இல்லை. அங்கே திருநாளைப்போவார் எனப்படும் ஆதனூர் நந்தனாரைத் தில்லை எல்லையில் நிறுத்தி வைப்பது தம் பிறப்பைப் பற்றிய அவரது தயக்கம். நிலக்கிழாரான வேதியரையும், நாற்பது வேலிப் பயிரை அறுத்துவிட்டுப் போ என்ற நிபந்தனையையும் படைத்தவர் 19ஆம் நூற்றாண்டின் கோபாலகிருஷ்ண பாரதியார். அவரது நந்தனார் சரித்திரக் கீர்த்தனை கதாகாலட்சேபத்துக்கென்றே எழுந்தது. அங்கே பாகவதர் ஒருவரே நந்தனாகக் கெஞ்சுவார். அடுத்த நொடியே வேதியராக அதட்டுவார்.

இந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் தர மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முதலில் தயங்கினார். இலக்கண வழுக்கள் அவரை உறுத்தின. பாரதியார் பாடக் கேட்டு உருகிய பிறகே அவர் இசைந்ததாக உ.வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். ஏட்டில் தேறாதது செவியில் தேறியது. கதையைச் சுமந்தது குரல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1935: பாடகருக்கு எதிரே பாடகர்

கணவர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933 டிசம்பரில் மறைந்தபின் சுந்தராம்பாள் வெள்ளைச் சேலைக்கு மாறினார்; ஆண் நடிகருக்கு இணையாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். மாணிக் லால் டாண்டன் இயக்கிய ‘பக்த நந்தனார்’ அந்த உறுதிக்கு ஊறு செய்யாத படம். அதில் அவருக்கு ஆண் வேடம். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய், அந்நாளில் மலைக்க வைத்த தொகை. வேதியராக வந்தவர் கர்நாடக இசை மேதை மகாராஜபுரம் விசுவநாதய்யர். காலட்சேபத்தில் ஒரு தொண்டைக்குள் நடந்த மோதல் இப்போது இரு தொண்டைகளுக்குப் பிரிந்தது. ஆனால் இரண்டுமே பாடும் தொண்டைகள்.

படம் எடுபடவில்லை. பனைமரம், எருமை, ஆட்டுக்குட்டி ஆகியவற்றின் நடிப்புத்தான் தேறியது என்ற பாணியில் ஆனந்த விகடனில் கல்கி கிண்டல் செய்தார். குரலில் எவரும் குறை காண முடியாத இருவரை வைத்துக்கொண்டே ஒரு படம் சறுக்கியது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. நாடக மேடையில் ராகத்தின் உச்சியே காட்சியின் உச்சி. கேமரா முன்னால், பாட்டு முடியும்வரை எதிரே நிற்பவரின் முகமும் ஏதாவது செய்தாக வேண்டும்.

1942: பாடகருக்கு எதிரே நடிகர்

ஏழாண்டு கழித்து ஜெமினியின் ‘நந்தனார்’ வந்தது. தயாரித்தவர், அந்த ஆனந்த விகடனின் உரிமையாளரான எஸ்.எஸ். வாசன். 1938இல் ‘நந்தகுமார்’ படத்திலேயே பின்னணிக் குரல் தமிழுக்கு வந்துவிட்டது. உடலையும் குரலையும் பிரிக்க வழி பிறந்திருந்தது. ஆயினும் நந்தனார் வேடத்தில் பாடகர் தேசிகரே பாடி நடித்தார். தேவாரப் பண்ணில் ஊறிய குரல் அவருடையது; ‘பட்டினத்தார்’, ‘தாயுமானவர்’ முதலிய படங்களில் அடியார் வேடம் அவருக்குப் பழகியிருந்தது. பாரதியாரின் கீர்த்தனைகளோடு பாபநாசம் சிவன், கொத்தமங்கலம் சுப்பு ஆகியோரின் பாடல்களும் சேர்ந்தன.

மாற்றம் எதிர்த்தரப்பில் நிகழ்ந்தது. வேதியர் செருகளத்தூர் சாமா, 1937இல் ‘அம்பிகாபதி’யில் கம்பராக நடித்தவர், வசன உச்சரிப்பில் தேர்ந்தவர். அவரது வேதியர் பெரும்பாலும் பேச்சாலேயே அதிகாரம் செலுத்துகிறார். அந்த வறண்ட பேச்சின் மேல் வந்து விழுவதால்தான் தேசிகரின் பாட்டு விண்ணப்பமாகக் கேட்கிறது. கடைசியில் வேதியர் நந்தனின் காலில் விழும்போது, பேச்சு பாட்டிடம் தோற்கிறது.

முடிவுரை

1935 படத்தின் பிரதி இன்று கிடைப்பதில்லை. சுந்தராம்பாளின் நந்தனாரை இசைத்தட்டையும் விமர்சனத்தையும் கொண்டே அறிகிறோம். தேசிகருக்கோ படமே சாட்சி. எனவே இருவரையும் ஒரே தட்டில் நிறுத்துவது நியாயமல்ல. எட்டுக்கட்டையில் நின்று பாடிய சுந்தராம்பாளுக்கு, தம் குரலுக்கு ஏற்ற திரையைக் காண 1953இல் வாசனின் ‘ஔவையார்’ வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தேசிகர் பின்னாளில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறைத் தலைவரானார். அதே ஊரில் 1916இலேயே சுவாமி சகஜானந்தர் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கியிருந்தார். சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் 1947இல்தான் வந்தது. ஆக, இரண்டு படங்களும் வெளியானபோது கோயில் வாசலில் அந்த வேதியரின் பேச்சு இன்னும் ஓயவில்லை. திரையில் பாட்டு வென்றது. வெளியே அது வெல்லச் சட்டம் தேவைப்பட்டது.