பாதரசம் எந்தப் பாடத்தில் வருகிறது? கொடைக்கானல் கற்றுத்தந்த அறிவியலும் போராட்டமும் கலையும்

பழனி மலைச் சரிவில் உள்ள ஒரு குடியிருப்பில் சனி, ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிப்பது வழக்கம். பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு தங்கையிடம், "இந்த வருசம் பள்ளிக்கூடத்துல படிச்சதுல உன் மனசுல நின்னத எழுதிட்டு வா" என்று சொல்லியிருந்தேன். ஒரு பக்கம் எழுதி வந்தாள். அதன் சாரம் இதுதான்: அறிவியல் வகுப்பில் பாதரசம் படித்தோம். வரலாற்று வகுப்பில் உப்புச் சத்தியாகிரகம் படித்தோம். ஓவிய வகுப்பில் கொடைக்கானல் ஏரியை வரைந்தோம். கடைசி வரியில் ஒரு கேள்வி. "அக்கா, பாதரச வெப்பமானிய கொடைக்கானல்லயே செஞ்சாங்களாமே, அது ஏன் எந்தப் புத்தகத்துலயும் இல்ல?"

தோழர்களே, இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தர முயலும் பதில்.

மலைக்கு வந்த அறிவியல்

கொடைக்கானலில் அறிவியல் என்றதும் நமக்குச் சொல்லப்படுவது சூரிய ஆய்வகம். 1899இல் நிறுவப்பட்டது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909இல் இங்கிருந்துதான் கண்டறிந்தார். அந்த விளைவுக்கு இன்றும் அவர் பெயர்தான். நூறாண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கும் இடம் அது. பெருமைப்பட வேண்டிய வரலாறு, மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்த மலைக்கு எல்லோரும் ஒரே மாதிரி ஏறி வரவில்லை. மோட்டார் சாலை வருவதற்கு முன், பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து வெள்ளைக்காரத் துரைகளும் துரைசானிகளும் டோலியிலும் நாற்காலியிலும் மேலே வந்தார்கள். அவற்றைத் தோளில் சுமந்து ஏறியவர்கள் கூலிகள். வந்தவர்களின் பெயர்கள் பங்களாக்களுக்கும் சாலைகளுக்கும் சூட்டப்பட்டன. சுமந்தவர்களின் பெயர் ஒரு கல்லிலும் இல்லை. மலையின் வரலாற்றைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகும் கதைக்கும் இதுதான் அடிப்படை.

1980களின் தொடக்கத்தில் இன்னொரு அறிவியல் மலைக்கு வந்தது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் ஓடிக்கொண்டிருந்த வெப்பமானித் தொழிற்சாலை மூடப்பட்டது. அதன் இயந்திரங்கள் கொடைக்கானலுக்குக் கொண்டுவரப்பட்டன. பாண்ட்ஸ் நிறுவனத்தின் பெயரில் ஆலை தொடங்கியது. 1987இல் பாண்ட்ஸின் தாய் நிறுவனத்தை யூனிலீவர் வாங்கியது. 1998இல் இந்தியாவின் பாண்ட்ஸ், இந்துஸ்தான் லீவருடன் இணைந்தது. இன்றைய பெயர் இந்துஸ்தான் யூனிலீவர். இங்கே செய்த வெப்பமானிகள் பெரும்பாலும் வெளிநாட்டுக்கே போயின. பொருள் அங்கே போனது, கழிவு இங்கே நின்றது.

பாதரசம் அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும் உலோகம் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. இரண்டு மதிப்பெண் கேள்விக்கு அது போதும். தொழிலாளிக்குத் தெரிய வேண்டியது வேறு. பாதரசம் அறை வெப்பநிலையிலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சில் உள்ளே போகும் ஆவியில் ஐந்தில் நான்கு பங்கு நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்துவிடுகிறது. அங்கிருந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகிறது. கருவுற்ற பெண்ணின் உடலில் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவையும் சென்றடைகிறது. கை நடுக்கம், ஈறு வீக்கம், மறதி, தூக்கமின்மை, எரிச்சல் இவையெல்லாம் அதன் அறிகுறிகள். ஐரோப்பாவில் தொப்பி செய்யும் தொழிலாளர்களிடம் இவை பல தலைமுறைகளாகக் காணப்பட்டன. ஜப்பானின் மினமாட்டா கடற்கரையில் சிஸ்ஸோ ஆலை வெளியேற்றிய பாதரசம் மீன் வழியாக மனிதர்களுக்குள் போன நோய் 1956இல் வெளியே தெரிந்தது. அதாவது, கொடைக்கானல் ஆலை தொடங்குவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே உலகத்துக்கு இது தெரியும். அறிவு இருந்தது. யாருக்கு அந்த அறிவு சொல்லப்பட்டது என்பதுதான் கேள்வி.

மூஞ்சிக்கல்லில் கிடந்த கண்ணாடி

2001 மார்ச் 7. கொடைக்கானல் நகரில் மக்கள் நெருக்கமாக வாழும் மூஞ்சிக்கல்லில், ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த வெப்பமானிக் கண்ணாடிகள் டன் கணக்கில் கிடப்பது அம்பலமானது. 7.4 டன் என்று செய்திகள் வந்தன. 5.3 டன் என்றது நிறுவனம். பழனி மலைப் பாதுகாப்பு மன்றமும் கிரீன்பீஸ் அமைப்பும் முன்னாள் தொழிலாளர்களும் ஊர் மக்களுமாக நானூறுக்கும் மேற்பட்டோர் ஊர்வலமாகப் போனார்கள். ஆலை மூடப்பட்டது. பிறகு திறக்கவே இல்லை. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது.

இதைச் சுற்றுச்சூழல் பிரச்சினை என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். நாம் அப்படிப் பார்க்க முடியாது. உடைந்த கண்ணாடியைத் தரம் பிரித்தவர் யார்? மூட்டையைச் சுமந்தவர் யார்? பழைய இரும்புக் கடையில் வெறும் கையால் கிளறியவர் யார்? கழிவைத் தொடும் வேலை யாருடையது என்பதை இந்த நாட்டில் சாதி பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தீர்மானித்து வைத்திருக்கிறது. நவீன ஆலை அந்த ஏற்பாட்டைக் கலைப்பதில்லை. சத்தமில்லாமல் பயன்படுத்திக்கொள்கிறது. ஆலைக்குப் பின்னால் இருப்பது பாம்பார் சோலை. அங்கிருந்து இறங்கும் நீர்தான் கும்பக்கரை அருவியாக விழுந்து பெரியகுளம் பக்கம் போகிறது. மேலே கொட்டுவது கீழே இருப்பவர் தலையில்தான் விழும். இது புவியியல். சாதிக்கும் இதே விதிதான்.

உங்கள் வரலாற்றுப் புத்தகத்தில் உப்புக்கு நடந்த போராட்டம் பல பக்கங்களில் இருக்கிறது. 1927 மார்ச் 20 அன்று மகத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் தண்ணீர் எடுத்துக் குடித்தது எத்தனை பக்கம்? அதே அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்து எட்டு மணி நேர வேலைக்காக நின்றது எத்தனை வரி? தண்ணீரும் தொழிலாளியின் உடலும் அவருக்கு இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் அல்ல. கொடைக்கானலிலும் அவை ஒன்றாகத்தான் நின்றன.

இரண்டு குழுக்கள், இரண்டு முடிவுகள்

ஆலை மூடியதோடு தொழிலாளர்களின் போராட்டம் முடியவில்லை. அப்போதுதான் தொடங்கியது. முன்னாள் தொழிலாளர்கள் சங்கமாகச் சேர்ந்து, மருத்துவச் சிகிச்சையும் இழப்பீடும் கேட்டு 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2007இல் நீதிமன்றம் ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. தொழிலாளர்களின் நோய்களைப் பாதரசத்தோடு இணைக்கப் போதிய ஆதாரமில்லை என்றது அந்தக் குழு. 2011இல் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் ஆய்வு, பலருடைய நோய்களுக்கு வேலையிடத்துப் பாதரசம் காரணம் என்றது. மனிதர்கள் அதே மனிதர்கள். நோய் அதே நோய்.

இங்கே ஒரு அறிவியல் செய்தியைக் குறித்துக்கொள்ளுங்கள். உடலில் சேர்ந்த பாதரசம் ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. 2001இல் மூடிய ஆலையின் தொழிலாளியிடம் ஐந்தாறு வருடம் கழித்து இரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்த்தால் பாதரசம் அதிகம் தெரியாது. நரம்பிலும் சிறுநீரகத்திலும் அது செய்த சேதம் மட்டும் இருக்கும். கத்தியை எடுத்துவிட்டால் காயம் இல்லை என்று ஆகிவிடுமா? அறிவியல் பொய் சொல்வதில்லை. ஆனால் எப்போது அளப்பது, எதை அளப்பது, யாருடைய பதிவேட்டை நம்புவது என்பதை அதிகாரம் உள்ளவர்கள் முடிவு செய்கிறார்கள்.

வன்கொடுமை வழக்குகளில் வேலை செய்யும் நமக்கு இது பழகிய காட்சி. அடிபட்டவர் சொல்வது சாட்சியாகாது. "ஆதாரம் எங்கே?" என்று கேட்பார்கள். ஆதாரத்தைப் பதிவு செய்ய வேண்டியவர்களோ பல நேரங்களில் எதிர்த்தரப்பின் பக்கம் நிற்பவர்கள். ஆகவே நம் பிள்ளைகள் வேதியியலும் மருத்துவமும் படிக்க வேண்டும் என்று நான் சொல்வது வேலைக்காக மட்டுமல்ல. அடுத்த குழுவில் நம் ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். மனு எழுதும்போது எந்த மாதத்தில் எந்தப் பரிசோதனையைக் கேட்க வேண்டும் என்பது நமக்கே தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு பாட்டு செய்ததும் செய்யாததும்

2015 ஜூலை 30 அன்று ஒரு காணொளி வெளியானது. சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் பாட்டு. அமெரிக்கப் பாடகி நிக்கி மினாஜின் பிரபலமான பாட்டு ஒன்றின் மெட்டில் கொடைக்கானல் பாதரசத்தைப் பற்றிப் பாடினார். இயக்கியவர் ரதீந்திரன் பிரசாத். சில நாட்களிலேயே பல இலட்சம் பேர் பார்த்தார்கள். யூனிலீவரின் தலைமை அதிகாரியே ட்விட்டரில் பதில் சொல்ல வேண்டிய நிலை வந்தது. 2016 மார்ச் 9 அன்று 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு கையெழுத்தானதாக நிறுவனம் அறிவித்தது. 2018இல் டி.எம். கிருஷ்ணாவும் சேர்ந்துகொள்ள, கர்நாடக இசையும் ராப்பும் கலந்த இரண்டாவது பாட்டு வந்தது. ஆலை மண்ணைச் சுத்தப்படுத்தும் அளவைப் பற்றியது அது. இங்கே ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்றார்கள். பிரிட்டனில் இதைவிட 20 மடங்கு கடுமையான அளவைக் கடைப்பிடிக்கிறார்களே, இந்திய உடல் என்ன இரும்பா என்று இயக்கத்தினர் கேட்டார்கள்.

கலையின் வலிமைக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. ஓவிய வகுப்பில் ஏரியை மட்டும் வரையச் சொல்பவர்களுக்கு இதைக் காட்டலாம். ஆனால் இன்னொன்றையும் நாம் நேர்மையாகப் பேச வேண்டும். 2001 முதல் தொழிலாளர்கள் தமிழில் மனு எழுதினார்கள், தெருவில் நின்றார்கள், நீதிமன்ற வாசலில் காத்திருந்தார்கள். பதினான்கு வருடம் கேட்காத காதுக்கு ஆங்கிலத்தில் பாடிய மூன்று நிமிடப் பாட்டு கேட்டது. இது பாடியவரின் குறையல்ல. அவர் தன் குரலை இரவல் தந்தார், நன்றி. ஆனால் எந்த மொழியில், எந்த ஊரிலிருந்து, யார் சொன்னால் உலகம் திரும்பிப் பார்க்கிறது என்பதும் சமூகவியல்தான். அந்தப் பாட்டு ஒற்றை ஆளாக வெற்றி பெற்றதாக எழுதினால் பதினான்கு வருடம் போராடிய தொழிலாளர்களை மறுபடியும் டோலி தூக்கியவர்களின் வரிசையில் நிறுத்திவிடுவோம். அவர்கள் விடாமல் வைத்திருந்த வழக்கு இல்லையென்றால் பாட்டுக்குப் பொருளே இருந்திருக்காது.

கருணையா, உரிமையா?

உடன்பாட்டில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். நிறுவனம் கொடுத்தது இழப்பீடு என்ற பெயரில் அல்ல, மனிதாபிமான அடிப்படையிலான கருணைத் தொகையாக. எவ்வளவு என்பது வெளியே சொல்லப்படவில்லை. தொழிலாளர்களுக்குப் பாதரசத்தால் பாதிப்பில்லை என்ற நிலைப்பாட்டையும் நிறுவனம் மாற்றிக்கொள்ளவில்லை. வாங்கிக்கொண்ட தொழிலாளர்களை யாரும் குறை சொல்லக் கூடாது. பதினைந்து வருடம் நோயோடு போராடுவது என்னவென்று அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் கருணைக்கும் உரிமைக்கும் உள்ள தூரத்தை அளக்கத்தான் அண்ணல் நமக்கு வாழ்நாள் முழுவதும் கற்றுக்கொடுத்தார். கொடுப்பவன் கை மேலே இருப்பது கருணை. கேட்பவன் நிமிர்ந்து நிற்பது உரிமை. கொடைக்கானலில் பணம் வந்தது, ஒப்புதல் வரவில்லை. அந்தப் பாக்கி இன்னும் நிற்கிறது.

தங்கையின் கேள்விக்கு வருகிறேன். அது ஏன் எந்தப் புத்தகத்திலும் இல்லை? அறிவியலையும் போராட்டத்தையும் கலையையும் மூன்று பாடவேளைகளாகப் பிரித்து வைத்திருப்பதால்தான். பிரித்து வைத்தால் பாதரசம் ஒரு குறியீடாகவும், போராட்டம் என்றோ முடிந்துபோன கதையாகவும், ஏரி ஒரு படமாகவும் நின்றுவிடும். மூன்றையும் ஒன்றாகப் படித்தால் கேள்வி வரும். கேள்வி வந்தால் யார் பதில் சொல்வது?

அவளிடம் அடுத்த வாரத்துக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். ஊரில் வயதானவர்களிடம் போய், அவர்கள் என்ன வேலை செய்தார்கள், அந்த வேலையில் எதைத் தொட்டார்கள், எதை மூச்சில் இழுத்தார்கள், அந்த ஆபத்தை யாராவது அவர்களுக்குச் சொன்னார்களா என்று கேட்டு எழுதிவர வேண்டும். நீங்களும் உங்கள் ஊரில் கேளுங்கள். தோல் பதனிடும் ஊர், சாயப்பட்டறை ஊர், கல்குவாரி ஊர், எஸ்டேட் ஊர் எதுவானாலும் சரி. தேதியோடு, சொன்னவரின் சம்மதத்தோடு எழுதி வையுங்கள். நாளைக்கு ஒரு குழு வந்து ஆதாரம் எங்கே என்று கேட்கும்போது எடுத்துக் காட்ட நம் கையில் ஒரு நோட்டு இருக்க வேண்டும்.

ஜெய் பீம்!