உப்பு விட்டுச் சென்ற தழும்பு



1970களிலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போன நம்மவர் பலர் கண்டது எண்ணெய்ப் பணத்தில் எழுந்த வைத்தியசாலைகளை. அதற்கு முந்திய கதை ஒன்றை இம்மாதம் சொல்கிறேன். நான் கணக்காளன், வைத்தியன் அல்ல; வாசித்து அறிந்ததையே தருகிறேன்.

அன்று அரேபியக் கரையோரங்களில், பிள்ளை பெற்ற பெண்ணின் பிறப்புறுப்பினுள் கல்லுப்பை வைத்து அடைக்கும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. புண் ஆறும், தளர்ந்த உடல் இறுகும் என்று நம்பினார்கள். நம் பாட்டிமார் காயச் சரக்கு அரைத்துக் கொடுத்தது போல, இதையும் தாய்மார் அக்கறையோடுதான் செய்தார்கள்.

ஆனால் உப்பு ஈரத்தை உறிஞ்சித் தசையைச் சுட்டது. கிருமி இல்லாமலே அழற்சி, அதாவது வீக்கமும் எரிவும், உண்டானது. அது ஆறியபோது தடித்த தழும்பு மிஞ்சி, வழி சுருங்கியது. அடுத்த பிரசவத்தில் பிள்ளை வெளிவர முடியாமல் நாட்கணக்கில் வேதனை. பிள்ளையின் தலை அழுத்திச் சிறுநீர்ப்பையில் துளை விழுந்தால், சலம் ஓயாமல் ஒழுகும்.

இந்தப் பெண்கள் ஆண் வைத்தியரிடம் போகத் தயங்கினார்கள். 1911இல் அரேபியா வந்த டொக்டர் சாரா ஹோஸ்மன் மஸ்கட்டிலும் பின்னர் சார்ஜாவிலும் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1960இல் டொக்டர் மரியன் கென்னடியும் கணவர் பட்டும் அல் அய்னில் ஒரு மண் வீட்டில் வைத்தியசாலை தொடங்கினர். 1960இலும் 1964இலும் பிரித்தானிய மகப்பேற்றுச் சஞ்சிகையில் இந்த உப்புத் தழும்பு பற்றிக் கட்டுரைகள் வெளிவந்தன. வைத்தியசாலைப் பிரசவம் பரவ, வழக்கமும் அருகியது.

உப்பு, கண்ணுக்குத் தெரிந்த காரணம். காரணம் தெரியாத வலியும் உண்டு. அமெரிக்காவில் 1887இல் ஸ்கீன் என்பவர் சிறுநீர்ப்பைச் சுவரின் அழற்சி பற்றி எழுதினார். 1915இல் ஹன்னர் என்பவர் அங்கே எளிதில் அகப்படாத ஒருவகைப் புண்ணை விவரித்தார். சிலருக்கு அந்தப் புண் தெரியும். பலருக்கு ஒன்றுமே தெரியாது, ஆனால் வலி இருக்கும். அப்படிப்பட்ட எத்தனையோ பெண்களிடம் "எல்லாம் மனப்பிரமை" என்று சொல்லி அனுப்பினார்கள்.

நேயர்களே, சலப் பரிசோதனையில் கிருமி இல்லை என்றால் நோயே இல்லை என்று அர்த்தமில்லை. அடிவயிற்று வலியும் அடிக்கடி சலம் போகும் தொல்லையும் வாரக்கணக்கில் நீடித்தால், மறுபடியும் வைத்தியரிடம் போங்கள். சிறுநீரியல் அல்லது மகளிர் நிபுணரிடம் அனுப்பும்படி கேளுங்கள். வீட்டில் அம்மாவோ அக்காவோ வெட்கத்தில் பேசாதிருந்தால், நீங்கள் கேளுங்கள்.