டேப்பட் சப்தமும் பக்க மூடியும்

வங்காளத்து உத்தர்பாராவில் 1950-களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 வரை உற்பத்தியான அம்பாஸடர், இங்கிலாந்து தேசத்து மாரிஸ் ஆக்ஸ்போர்டின் வாரிசு என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் அதன் 1489 சி.சி. எஞ்சினின் பக்கவாட்டில், மேனிஃபோல்டின் மறைவில், இரண்டு தகட்டு மூடிகள் இருந்ததும், பழைய மெக்கானிக்குகளின் வித்தையில் ஒரு பகுதி அம்மூடிகளை ஒட்டியே வளர்ந்ததும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

கேம் ஷாஃப்டின் மேடு சுழன்று வரும்போது அதன்மேல் அமர்ந்த டேப்பட் எழும்பி, புஷ்ராடையும் ராக்கரையும் தள்ளி வால்வைத் திறக்கிறது. உலோகம் சூட்டில் விரியுமாதலால், ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு இடைவெளி விடுவது அவசியம். அவ்விடைவெளியே 'டிக் டிக்' என்ற சப்தத்துக்கும் மூலம். சீமான்களின் செவிக்கு அது உவப்பில்லாமற் போகவே, அமெரிக்காவில் காடிலாக் நிறுவனம் 1930-ல் வெளியிட்ட பதினாறு சிலிண்டர் காரில் எண்ணெயின் அழுத்தத்தைக் கொண்டே அந்த இடைவெளியை நிரப்பும் உபாயத்தைக் கையாண்டது. அவ்வகை எஞ்சினில் ஓயாத சப்தம் எழுந்தாலே எண்ணெயிலோ டேப்பட்டிலோ கோளாறு என்று ஐயுறலாம். அம்பாஸடரின் கெட்டி டேப்பட்டோ ஆரோக்கியமாக இருக்கும்போதும் சற்றே முணுமுணுக்கும். ஆகவே முணுமுணுப்பையும் முறையீட்டையும் பிரித்தறியும் செவி வேண்டியிருந்தது. மௌனமான எஞ்சினைக் காட்டிலும் இது நல்ல ஆசான் என்பது என் அபிப்பிராயம்.

ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துச் சப்தம் பிறக்கும் இடத்தைத் தேடுவது முதற்படி. அடுத்தது ஃபீலர் கேஜ் பரீட்சை: எட்டு வால்வுகளில் முதலாவது முழுதும் திறந்திருக்கையில் எட்டாவதையும், மூன்றாவது திறந்திருக்கையில் ஆறாவதையும் சரிபார்ப்பார்கள், இரண்டையும் கூட்டினால் ஒன்பது வரவேண்டும் என்பதே கணக்கு. இடைவெளியைத் திருத்திய சில நாட்களுக்குள் அதே வால்வு மறுபடியும் அடிக்கத் தொடங்கினால், தேய்ந்தது திருகன்று, டேப்பட்டின் அடிமுகமே என்று சந்தேகம் பிறக்கும். அப்போது மேல்மூடியை எடுத்துவிட்டு எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுப் புஷ்ராடுகளைக் கவனிப்பார்கள். நல்ல டேப்பட் எழும்பும்போதே சிறிது சிறிதாகத் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும், புஷ்ராடும் உடன் சுற்றும். ஒன்று மட்டும் சுற்றாமல் மேலும் கீழும் குதித்தால் குற்றவாளி அகப்பட்டது.

மேனிஃபோல்டைக் கழற்றி, ராக்கரை விலக்கி, புஷ்ராடை மேலே உருவிவிட்டால், பக்க மூடியின் வழியே விரலை விட்டே டேப்பட்டை எடுத்துவிடலாம். அடிமுகம் அம்மைத் தழும்பு போலக் குழிந்திருந்தால், அதற்கு நேரான கேம் மேட்டையும் பார்த்தாக வேண்டும். தேய்ந்த மேட்டின்மேல் புது டேப்பட்டை வைத்தவருக்குப் பட்டறை வாசல் மறுபடியும் காத்திருந்தது. சென்னையை அடுத்த வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு இந்தப் பக்க வழி கிடையாது: அதில் சிலிண்டர் ஹெட்டையே இறக்கினால்தான் டேப்பட் மேல்வழியே வெளிவரும், புது கேஸ்கெட்டும் வாங்க வேண்டும். அற்பமான ஒரு பாகத்துக்காக இத்தனை செலவா என்று தயங்கிச் சப்தத்தோடேயே வண்டி ஓட்டியவரைக் குறை சொல்வதற்கில்லை.

1990-களில் இசுசு எஞ்சின் அம்பாஸடரில் ஏறியபோது, கேம் ஷாஃப்டு சிலிண்டர் ஹெட்டுக்கே குடிபெயர்ந்தது. புஷ்ராடுகளோடு பக்க மூடிகளும் விடைபெற்றன.