பேரீச்சம்பழத்துக்குப் போன வாள்கள்

ஸ்ரீரங்கம் போகிறவர்கள் பெருமாளைச் சேவித்துவிட்டு, பிரசாத ஸ்டாலில் புளியோதரையை வாங்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். அடுத்த தடவை ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்கள். வெள்ளைக் கோபுரத்தின் பக்கம், ஆயிரங்கால் மண்டபத்துக்கு எதிரே சேஷராயர் மண்டபம் என்று ஒன்று இருக்கிறது. முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு பாய்கிற குதிரைகள், மேலே வீரர்கள், எதிரே சீறும் புலிகள்... எல்லாம் கல்!

கைடு உங்களுக்குக் குதிரையைக் காட்டுவார். நீங்கள் குதிரைக்குக் கீழே பாருங்கள். அங்கே காலாட்படை வீரர்கள் நின்று சண்டை போடுகிறார்கள். அவர்கள் கையில் வாள் இருக்கிறது, கேடயம் இருக்கிறது, முஷ்டியால் பிடித்துக் குத்துகிற கட்டாரி இருக்கிறது. சுமார் 400, 500 வருஷங்களுக்கு முன்னால் அந்தச் சிற்பி ஆயுதங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் செதுக்கியிருக்க வேண்டும். கைப்பிடி எப்படி வளைகிறது, குறுக்குக் கம்பி எங்கே வருகிறது என்பதில்கூட அவ்வளவு கவனம்.

கல்லில் இருக்கிறது, சரி. நிஜமான வாள்கள் எங்கே போயின?

நியாயமான கேள்விதான். திருச்சியைச் சுற்றி ஓடிய ரத்தம் கொஞ்சநஞ்சமில்லை. 1752-ல் மலைக்கோட்டையை முற்றுகையிட்ட சந்தாசாகிபும் பிரெஞ்சுப் படையும் ஸ்ரீரங்கம் தீவுக்குள் மாட்டிக்கொண்டார்கள். வெளியே மேஜர் லாரன்ஸும் இளம் ராபர்ட் கிளைவும்! தப்பிக்க வழி தேடிய சந்தாசாகிப், எதிரணியில் இருந்த தஞ்சாவூர் தளபதி மானோஜியை நம்பிச் சரணடைந்தார். பத்திரமாக அனுப்பிவைப்பதாகத்தான் பேச்சு. ஆனால், தலையைச் சீவிவிட்டார்கள்.

அடுத்த காட்சி 1801. அந்த வருஷம் ஜூன் 16-ம் தேதி சின்ன மருது வெளியிட்ட பிரகடனத்தின் ஒரு பிரதி திருச்சிக் கோட்டையில் ஒட்டப்பட்டது. இன்னொன்று ஸ்ரீரங்கம் கோயில் மதிலில்! வெள்ளைக்காரனை எதிர்த்து எல்லா சாதியினரும் ஆயுதம் எடுங்கள் என்று அழைத்த அறிக்கை அது. நாலு மாதத்தில் கதை முடிந்தது. அக்டோபர் 24-ம் தேதி மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கில் போட்டார்கள். டிசம்பரில் சென்னை கவர்னரிடமிருந்து ஒரு பிரகடனம் வந்தது. பாளையக்காரர்கள் இனி ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, கோட்டை கட்டக் கூடாது! அந்த கவர்னர் பெயர் எட்வர்ட் கிளைவ். ஆமாம், ஸ்ரீரங்கத்தை வளைத்த அதே ராபர்ட் கிளைவின் மகன்தான். அப்பா சண்டை போட்ட மண்ணில் பிள்ளை வாளைப் பிடுங்கினார்.

சரி, பாளையக்காரர்களின் வாள் போனது. ராஜாக்களின் வாள்?

இதற்குத் திருச்சியிலிருந்து ஒரு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும். தஞ்சாவூர் அரண்மனை வளாகத்தில் கோயில் விமானம் மாதிரி அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கும் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். கூடகோபுரம் என்பார்கள். மராட்டிய ராஜாக்களின் ஆயுதசாலை அதுதான். 1799-ல் இரண்டாம் சரபோஜி நாட்டு நிர்வாகத்தைக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டார். அதற்கப்புறம் அந்த அரண்மனைக்குப் போர் ஏது? நாயக்கர் காலத்திலிருந்து சேர்ந்த ஆயுதங்கள், வேலை இல்லாமல் அரை நூற்றாண்டு தூங்கின. தமிழ்நாட்டு ஈரக் காற்றில் இரும்பு சும்மா தூங்குமா? துரு ஏறியது.

1855-ல் கடைசி ராஜா இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்துபோனார். டல்ஹவுசியின் வாரிசு இழப்புக் கொள்கை தயாராக இருந்தது. அரசு போனது. ஆயுதசாலையும் கம்பெனி கைக்கு வந்தது. 1860-களில் ஓர் உத்தரவு: இவற்றை உடைத்து, பழைய இரும்பாக விற்றுவிடுங்கள்!

எடைக்கு எடை. நம் பாஷையில் சொன்னால், பேரீச்சம்பழத்துக்கு.

என்னென்ன போனது என்பது ஓரளவு நமக்குத் தெரியக் காரணம், வால்ஹவுஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி. பழைய பொருள்களில் ருசி உள்ளவர். 1878-ல் 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் தஞ்சை ஆயுதசாலையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையைப் படித்தால் வயிறு எரியும். நூற்றுக்கணக்கான வாள்கள், நேராக, வளைவாக. வேட்டைக் காட்சிகளைத் தங்கத்தில் இழைத்தவை. சாட்டை மாதிரி வளைந்து நிமிர்பவை. கிளி மூக்கு வைத்த தந்தப்பிடிக் கத்திகள். உள்ளே துப்பாக்கி ஒளிந்திருக்கும் குத்துவாள்கள். எஃகைப் பூவேலைபோலத் துளைத்துச் செய்த கட்டாரிப் பிடிகள். ஐரோப்பாவின் சிறந்த உலோக வேலைக்கு இவை சளைத்தவை இல்லை என்கிறார், அந்த ஐரோப்பியரே!

அவரை ஆச்சரியப்படுத்திய இன்னொரு விஷயம் உண்டு. நிறைய வாள்களின் அலகு ஐரோப்பாவில் செய்தது. அதில் கிறிஸ்தவச் சின்னங்கள்கூடப் பொறித்திருக்கின்றன. ஆனால், கைப்பிடியில் நம்ம ஊர் சாமி! அலகு கப்பலில் வந்தது, பிடி இங்கே போட்டது. இந்த ரக வாளுக்கே ஃபிரங்கி என்று பெயர். நம் பாட்டிகள் 'பரங்கி' என்றார்களே, அதே வார்த்தைதான். ஒரு வாளைக் கையில் எடுத்தால் கடல் வாணிபம், படையெடுப்பு, பக்தி மூன்றும் தெரியும். உருக்கிவிட்டால்? வெறும் இரும்பு.

நல்லவேளை, மொத்தமும் போகவில்லை. தேர்ந்தெடுத்த ஒரு பகுதி சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தது. எழும்பூரில் இன்றும் பார்க்கலாம். வெளியே கசிந்த சில தஞ்சாவூர் கட்டாரிகள் கடல் தாண்டி நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் வரை போயிருக்கின்றன. ராபர்ட் எல்குட் என்ற ஆய்வாளர் எழும்பூர் ஆயுதங்களைத் தென்னிந்தியக் கோயில் சிற்பங்களோடு ஒப்பிட்டு 2004-ல் பெரிய புத்தகமே போட்டார். கல்லில் இருக்கிற கைப்பிடியும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற கைப்பிடியும் பேசிக்கொள்கின்றன!

இப்போது கொஞ்சம் ஜப்பான் போய் வருவோம். காரணம் இருக்கிறது.

தஞ்சாவூர் வாள்கள் உடைபட்டு பத்துப் பதினைந்து வருஷத்தில், 1876-ல், ஜப்பான் அரசு ஒரு சட்டம் போட்டது. சாமுராய்கள் இனிமேல் இடுப்பில் வாளோடு தெருவில் நடக்கக் கூடாது! தலைமுறை தலைமுறையாக வாள் அடித்த கொல்லர்களின் பிழைப்பு போனது. ட்சுபா என்கிற வட்டமான கைக்காப்புத் தகடுகள், பிடியில் பதிக்கிற குட்டிக் குட்டி உலோகச் சிற்பங்கள் எல்லாம் வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகளின் பெட்டிக்குள் போயின. அப்புறம் 1945. போரில் தோற்ற ஜப்பானில் அமெரிக்க ராணுவம், வீட்டில் இருக்கிற வாளை எல்லாம் கொண்டுவந்து போடு என்றது. மலைபோலக் குவிந்தன. உருக்கினார்கள், கடலில் கொட்டினார்கள், சிப்பாய்கள் ஞாபகார்த்தமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அப்போது ஹொன்மா ஜுன்ஜி என்கிற வாள் நிபுணர் கர்னல் கேட்வெல் என்ற அமெரிக்க அதிகாரியைப் போய்ப் பார்த்தார். 'இது ஆயுதம் இல்லை, கலைப்பொருள்' என்று எடுத்துக் காட்டினார். கேட்வெல்லுக்குப் புரிந்தது. கலை மதிப்புள்ள வாள்களுக்கு விலக்கு கிடைத்தது. 1948-ல் வாள்களைப் பாதுகாக்கவே ஒரு சங்கம் பிறந்தது. இன்று ஜப்பானில் நூற்றுக்கும் மேற்பட்ட வாள்கள் தேசியப் பொக்கிஷங்கள்!

ஆனால், ஹொன்மா போய் நின்றபோது காட்டுவதற்குத் துருப்பிடிக்காத வாள் வேண்டுமே? அது இருந்தது. ஏன் என்றால், அங்கே சாதாரண வீடுகளிலும் வாளைப் பராமரிக்கும் பழக்கம் இருந்தது. பிடியில் இருக்கிற ஒரு மூங்கில் ஆணியைத் தட்டினால் போதும், வாள் முழுசாகக் கழன்றுவிடும். மெல்லிய காகிதத்தால் பழைய எண்ணெயைத் துடைப்பார்கள். நுண்ணிய கல்பொடியை லேசாகத் தட்டி மறுபடி துடைப்பார்கள். கிராம்பு வாசனையுள்ள எண்ணெயைச் சன்னமாகப் பூசுவார்கள். பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதித் துருவை மட்டும் யாரும் தொட மாட்டார்கள். கொல்லன் பெயர் வெட்டியிருப்பது அங்கேதான். அந்தத் துருவின் நிறம்தான் வாளின் வயசுக்குச் சாட்சி. அதைச் சுரண்டினால் ஜாதகத்தைக் கிழித்த மாதிரி.

நம்மிடம் வாள் மேல் பக்தி இல்லையா என்ன? ஏராளமாக இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி உற்சவத்தின்போது திருமங்கை மன்னனின் வேடுபறியைப் பார்க்க எவ்வளவு கூட்டம்! பேயாழ்வாரையே பெருமாளின் நந்தக வாளின் அம்சம் என்பார்கள். குலதெய்வக் கோயில்களில் இன்றும் பழைய வாளும் அரிவாளும் உண்டு. சில வீடுகளில் தாத்தாவின் தாத்தா வாள் பரணில் கிடக்கும். ஆயுத பூஜை அன்று இறங்கும். எலுமிச்சம்பழம், ஈரச் சந்தனம், குங்குமம்... மறுநாள் அப்படியே பரணுக்குப் போய்விடும்.

இரும்புக்கு அது பூஜை இல்லை. ஈரமும் புளிப்பும் சேர்ந்தால் துரு கேட்காமலே வரும். இன்னும் சிலர் பித்தளை குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்ப்பார்கள். உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்குவார்கள். அங்கேதான் பெரிய நஷ்டம். நம் ஊர் உருக்கு சாதாரணப் பொருள் இல்லை. சேலம் பக்கம் சின்ன மண்குகையில் இரும்போடு ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் வைத்து மூடி, உருக்கி எடுத்த எஃகு அது. வூட்ஸ் என்று மேல்நாட்டார் பெயர் வைத்து, மைக்கேல் ஃபாரடே வரை மண்டையைக் குடைந்துகொண்டார்கள். அந்த எஃகில் செய்த வாளில் ஆற்றுநீர் அலைபோல ரேகைகள் ஓடும். உப்புத்தாள் போட்டால் ரேகை மறைந்துவிடும். உலையில் வைத்துக் காய்ச்சினால் ஒரேயடியாகப் போய்விடும்.

அதனால், உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் நாலு விஷயம். வெறும் கையால் அலகைத் தொடாதீர்கள், வியர்வையில் உப்பு உண்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்காகிவிடும். தையல் மெஷின் எண்ணெயை மெல்லிய துணியில் தொட்டு, வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை பூசினால் போதும். வெந்நீரில் கழுவவே கழுவாதீர்கள். நம் வாள்களில் அலகைப் பிடியோடு ஒட்டியிருப்பது பெரும்பாலும் அரக்கு, சூடு பட்டால் இளகிவிடும். தோல் உறைக்குள்ளேயே வருஷக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள், ஈரத்தைப் பிடித்து வைக்கும். பூஜை போடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? முடிந்த கையோடு துடைத்து, எண்ணெய் போட்டு வையுங்கள்.

முக்கியமாக, பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன்னால் பக்கத்து மியூசியத்தில் ஒரு தடவை காட்டுங்கள். 100 வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ல் வந்த சட்டம் தடுக்கிறது. எடைக்குப் போடுவதை எந்தச் சட்டம் தடுக்கும்?

தஞ்சாவூர் வாள்களைப் போர் அழிக்கவில்லை. தராசுதான் அழித்தது. எத்தனையோ வாள்களுக்கு இப்போது சேஷராயர் மண்டபத்துக் கல்தான் போட்டோ ஆல்பம். அடுத்த தடவை போகும்போது, குதிரைக்குக் கீழே கட்டாரியோடு நிற்கிற அந்த வீரனின் கையைப் பாருங்கள். பார்த்துவிட்டு வந்து, அப்படியே வீட்டுப் பரணையும் ஒரு தடவை பாருங்கள்!