நான் தவறாகச் சொன்ன தூண்



நேற்று மார்கழி மாலையில் பாரிமுனையிலிருந்து மெரினாவுக்கு நடந்தேன். ஐந்து மணி வெயிலில் உயர் நீதிமன்றத்தின் செங்கல் கோபுரங்கள் தணல்போல் சிவந்திருந்தன. வளாகத்தில் நிற்கும் கல்தூணைப் பார்த்ததும் பழைய குற்றம் ஒன்று உறுத்தியது.

சுற்றுலா அழைத்து வந்தபோது அதை 'ஏதோ நினைவுத்தூண்' என்றேன். "நினைவுத்தூணுக்குக் கதவு எதுக்கு சார்?" என்று ஒரு பையன் கேட்டான். பேசாமல் வா என்று அதட்டினேன்.

பிறகுதான் படித்தேன். அது சென்னையின் இரண்டாவது கலங்கரை விளக்கம். முதல் விளக்கு 1796இல் கோட்டைக்குள் தேங்காய் எண்ணெயில் எரிந்தது. 1844இல் இந்தத் தூணுக்கு மாறியது. 1894இல் தூணைவிட உயரமான நீதிமன்றக் கோபுரத்தின் உச்சிக்கு ஏறியது. 1977இல் மெரினாவுக்குப் போனது. கதவு, விளக்கேற்ற மேலே ஏறுபவருக்காக.

கோட்டையைத் தாண்டும்போது வானம் மஞ்சள் மாறிச் சாம்பல் நிறமானது. உழைப்பாளர் சிலையருகே நன்றாக இருட்டிவிட்டது. தெற்கே கலங்கரை விளக்கம் மின்னியது.

அந்தப் பையனுக்கு இன்று பேரப்பிள்ளைகள் இருக்கலாம். தம்பி, இதைப் படித்தால் ஒரு வரி எழுது. நீ கேட்டதுதான் சரியான கேள்வி. அதட்டியதற்கு மன்னித்துக்கொள்.