மலேசிய மருத்துவக் கல்வியில் அரசும் தனியாரும்: ஒரு வரலாற்று நோக்கு

மலேசியாவில் பிள்ளையை மருத்துவராக்க விரும்பும் குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டு வினாக்களையே எழுப்புகின்றன. அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்குமா? கிடைக்காவிடில் தனியார் கல்லூரிக் கட்டணத்தைச் செலுத்த இயலுமா? இவற்றின் அடியில் மூன்றாவது வினா ஒன்றும் உண்டு. மாணவர் நோயாளியை எங்கே, யாருடைய மேற்பார்வையில் கண்டு கற்பார் என்பதே அது. இருவகைக் கல்லூரிகளின் சிக்கல்களும் இம்மூன்றாம் வினாவிலேயே ஒன்றுகூடுவதை வரலாற்றின்வழி நாம் காண முற்படுவோம்.

இந்நிலப்பகுதியின் முதல் மருத்துவப் பள்ளி அரசுப் பணத்தால் மட்டும் உருவானதன்று. 1904இல் டான் ஜியாக் கிம் தலைமையில் சிங்கப்பூர்ச் சமூகத் தலைவர்கள் ஆளுநரிடம் விண்ணப்பம் அளித்தனர். 87,077 வெள்ளி நன்கொடையும் திரட்டினர். 1905 ஜூலை 3ஆம் நாள் 23 மாணவர்களுடன் பள்ளி தொடங்கியது. நிதி பொதுமக்களுடையது; நிருவாகம் அரசினுடையது; நோயாளிகள் பொது மருத்துவமனையினர். 1910இல் தேறியவர் எழுவர். பின்னர்க் கிங் எட்வர்ட் VII மருத்துவக் கல்லூரி எனப் பெயர் பெற்ற இந்நிறுவனம், 1949இல் மலாயாப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது.

கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலம் 1962இல் நிறுவப்பட்டபோது அதன் முதல் புலத்தலைவராகப் பொறுப்பேற்றவர் டி. ஜே. தனராஜ். புலத்தோடு போதனா மருத்துவமனையும் திட்டமிடப்பட்டமை குறிப்பிடத்தக்கது. பின்னர் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகமும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும் மருத்துவப் புலங்களைத் தொடங்கின. ஆயினும் 1990 வரை நாட்டில் இம்மூன்று புலங்களே இருந்தன. புதிய பொருளாதாரக் கொள்கையின் ஒதுக்கீட்டு முறையும் சேர்ந்து, இந்திய மாணவர்க்கு வாயில் குறுகியது. வசதியுடையோரும் கடன்பட்டோரும் மணிப்பால் முதலிய இடங்களுக்குப் பிள்ளைகளை அனுப்பினர்.

1996ஆம் ஆண்டுத் தனியார் உயர்கல்வி நிறுவனச் சட்டம் இந்நிலையை மாற்றியது. 1997இல் மலாக்கா மணிப்பால் மருத்துவக் கல்லூரி தோன்றியது. 2001இல் ம.இ.கா.வின் கல்வி அமைப்பான எம்.ஐ.இ.டி.யின் முயற்சியால் கெடாவில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் உருவாயிற்று. சமூகம் தன் தேவைக்குத் தானே கல்லூரி எழுப்பியது எனலாம். 1904இன் எதிரொலி இதில் உண்டு. ஆனால் இக்கல்லூரிகளின் மாணவர்கள் நோயறியும் பயிற்சியை மலாக்கா, மூவார், சுங்கைப்பட்டாணி முதலிய ஊர்களின் அரசு மருத்துவமனைகளிலேயே பெற்றனர். கட்டணம் தனியாருக்குச் சென்றாலும் கல்வி பொதுமக்களின் நோய்ப்படுக்கையருகே நிகழ்ந்தது.

கல்லூரிகள் பெருகிய வேகத்தில் பயிற்சியிடங்களும் பயிற்றுநரும் பெருகவில்லை. 2008இல் பயிற்சி மருத்துவப் பணி இரண்டாண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. 2011இல் புதிய மருத்துவப் படிப்புகளுக்குத் தற்காலிகத் தடை விதிக்கப்பட்டது. 2016இன் இறுதியில் பயிற்சி மருத்துவர்கள் நிரந்தரப் பணிக்கு மாறாக ஒப்பந்தத்தில் அமர்த்தப்படலாயினர். 2021 ஜூலை 26ஆம் நாள், பெருந்தொற்றின் நடுவே, ஒப்பந்த மருத்துவர்கள் பணியிடங்களிலிருந்து வெளிவந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். அரசுப் பல்கலைக்கழகப் பட்டதாரியும் தனியார் கல்லூரிப் பட்டதாரியும் அங்கு ஒரே நிலையில் நின்றனர். வேறுபாடு ஒன்றுண்டு: பின்னவர் பலரின் தோளில் கல்விக் கடனும் இருந்தது.

எனவே மருத்துவக் கல்வியின் அறைகூவலை இடங்களின் எண்ணிக்கையாக மட்டும் கருதுதல் பொருந்தாது. கல்லூரி இடங்களை அரசும் தனியாரும் தனித்தனியே பெருக்கலாம். நோயாளியும் பயிற்றுநரும் பொது முதலாவர். அம்முதலை அளந்த பின்னரே இடங்களை வகுத்தல் வேண்டும். மாணவர்க்கு வழிகாட்டும் தமிழாசிரியர்களும் கல்லூரியின் பெயரையும் கட்டணத்தையும் வினவுவதோடு நில்லாது, அதன் மாணவர் எந்த மருத்துவமனையில், எத்தனை பேருடன் பயில்கின்றனர் என்பதையும் வினவுதல் நன்று. நிலத்தையும் சேமநிதியையும் பணயம் வைக்கும் பெற்றோர்க்கு அவ்விடை முன்னரே தெரிதல் வேண்டும்.