கடற்கொள்ளையும் களவுப் பிரதியும்

ஆங்கிலத்தில் 'பைரசி' என்ற ஒரே சொல், நடுக்கடலில் கப்பலைப் பிடிப்பதையும் திரைப்படத்தை அனுமதியின்றிப் படியெடுப்பதையும் குறிக்கிறது. தமிழில் அப்படி இல்லை. முதலாவது கடற்கொள்ளை, இரண்டாவது திருட்டு விசிடி, களவுப் பதிப்பு. கொள்ளை என்பது வலிமையால் பறிப்பது, களவு என்பது மறைவாக எடுப்பது. இவ்விரண்டும் ஆங்கிலத்தில் ஒரே பெயர் பெற்றதற்கு ஒரு வரலாறு உண்டு.

கடல் வணிகம் எவ்வளவு பழையதோ கடற்கொள்ளையும் ஏறத்தாழ அவ்வளவு பழையது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி, அருகில் கொள்ளையர் இருப்பதால் முசிறி கப்பல்கள் அணைய ஏற்ற துறைமுகமன்று என்று எழுதினார். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் கடல் நடுவே இருந்த பகைவரை வென்று, அவர்களது காவல் மரமான கடம்பை வெட்டியதைப் பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்து பாடுகிறது. அப்பகைவரைக் கடற்கொள்ளையர் என அறிஞர் சிலர் கொள்வர். ஆனால் அது வென்றவன் அவையில் பாடப்பட்ட பாட்டு. தோற்றவர் தரப்பில் ஒரு பாட்டும் நமக்குக் கிடைக்கவில்லை.

யார் கொள்ளையர் என்பதை யார் சொல்வது என்ற இந்தச் சிக்கல் இந்தியக் கடல்களில் பின்னரும் தொடர்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் 'கர்த்தாஸ்' என்ற அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கினர். சீட்டு இல்லாத கப்பலையும் சரக்கையும் பறிமுதல் செய்தனர். அதற்கு அவர்கள் வைத்த பெயர் சட்டம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மராட்டியக் கடற்படைத் தலைவர் கான்ஹோஜி ஆங்கரே கொங்கணக் கரையில் அதே முறையில் சீட்டுக் கேட்டபோது, ஆங்கிலேயர் அவரைக் கடற்கொள்ளையர் என்றனர். இன்று மும்பையிலுள்ள இந்தியக் கடற்படைத் தளம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஐயத்துக்கு இடமில்லாத கொள்ளையும் உண்டு. 1695 செப்டம்பரில், மெக்கா யாத்திரிகர்களுடன் சூரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஔரங்கசீப்பின் 'கஞ்ச்-இ-சவாய்' என்ற பெருங்கப்பலை ஹென்றி எவரி என்ற ஆங்கிலேயன் வழிமறித்தான். சண்டையின்போது முகலாயக் கப்பலின் பீரங்கி ஒன்று வெடித்துச் சொந்த ஆட்களையே கொன்றது. பின்னர் பல நாட்கள் கப்பல் சூறையாடப்பட்டது. பெண்கள் கொடுமைக்கு உள்ளாயினர். செய்தி எட்டியதும் சூரத்திலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியார் சிறை வைக்கப்பட்டனர். வணிகமே போய்விடுமோ என்று அஞ்சிய கம்பெனியும் ஆங்கில அரசும் எவரியின் தலைக்குப் பரிசு அறிவித்தன. அவனுடைய ஆட்கள் சிலர் மட்டுமே பிடிபட்டனர். 1696இல் லண்டனில் நடந்த முதல் விசாரணையில், முகலாயக் கப்பலைக் கொள்ளையிட்ட குற்றத்திலிருந்து ஜூரிகள் அவர்களை விடுவித்துவிட்டனர்! உடனே ஆங்கிலக் கப்பல் ஒன்றைக் கடத்திய வேறொரு குற்றச்சாட்டில் மீண்டும் விசாரித்து, ஐவரைத் தூக்கிலிட்டனர். எவரி கடைசிவரை அகப்படவே இல்லை.

இதே நூற்றாண்டில்தான் இச்சொல் கரையேறியது. பிறர் எழுத்தைத் திருடுவோரைத் தாமஸ் டெக்கர் 1603இலேயே 'சொற் கொள்ளையர்' என்ற பொருளில் ஏசினார். பிறருக்கு உரிமையான நூலை அச்சிட்டு விற்றவர்களை லண்டன் பதிப்பாளர்களும் அப்படியே அழைத்தனர். 1710இல் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியின் சட்டம், புதிய நூலுக்கு 14 ஆண்டு உரிமை தந்தது. ஆசிரியர் உயிருடன் இருந்தால் மேலும் 14 ஆண்டு. ஆனால் அச்சட்டம் கடல் கடந்து செல்லாது. அமெரிக்க அச்சகங்கள் ஆங்கில நாவல்களை ஆசிரியருக்குக் காசு தராமலே அச்சிட்டுக் குவித்தன. 1842இல் அங்கு சென்ற சார்லஸ் டிக்கன்ஸ் இதை மேடையிலேயே குறை கூற, அந்நாட்டுச் செய்தித்தாள்கள் அவரைப் பேராசைக்காரர் என்று சாடின. 1891இல்தான் அமெரிக்கா அயல்நாட்டார் நூல்களுக்குப் பாதுகாப்பளித்தது. இன்று உலகெங்கும் பதிப்புரிமையை வலியுறுத்தும் நாடு, தன் இளமையில் எந்தப் பக்கம் நின்றது என்பது பாடப்புத்தகங்களில் அதிகம் காணப்படாத செய்தி.

கணினி வந்தபின் படியெடுக்கும் செலவு ஏறக்குறைய இல்லாமற் போயிற்று. 1999இல் தொடங்கிய நாப்ஸ்டர், முன்பின் அறியாதவர்கள் தம் கணினியிலுள்ள பாடல்களை ஒருவருக்கொருவர் பகிர வழிசெய்தது. நீதிமன்றத் தடையால் 2001இல் நின்றது. 2003இல் சுவீடனில் தோன்றிய தளமோ 'பைரட் பே' என்று கொள்ளையர் பெயரையே விரும்பிச் சூட்டிக்கொண்டது. அதன் தொடர்பில் நால்வருக்கு 2009இல் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அதே ஆண்டில் சுவீடனின் பைரட் கட்சி ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குத் தேர்வானது.

தமிழ்நாட்டில் 2004இல் குண்டர் சட்டத்தின் வரம்புக்குள் திருட்டு விசிடி தொழிலும் சேர்க்கப்பட்டது. விசாரணையின்றி ஓராண்டு வரை காவலில் வைக்கலாம். தெருவோரத்தில் விற்றவர் அகப்படுவது எளிது; திரையரங்கில் படம்பிடித்தவரும் இணையத்தில் ஏற்றியவரும் அகப்படுவது அரிது. முகம் தெரியாத இத்தகையோருக்கு எதிராக இந்திய நீதிமன்றங்கள் 'அசோக் குமார்' என்ற கற்பனைப் பெயரில் தடையாணை பிறப்பிக்கும் வழக்கமும் உண்டாயிற்று. திரையரங்கில் திருட்டுத்தனமாகப் படம்பிடிப்போருக்கு, 2023ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை விதிக்கிறது.

பழைய கடற்கொள்ளையும் ஓயவில்லை. 1991இல் சோமாலிய அரசு வீழ்ந்தபின் காவலற்ற அக்கடலில் அயல்நாட்டு இழுவைப் படகுகள் மீனை வாரிச் சென்றன. கரையைக் காக்கவே ஆயுதம் எடுத்ததாக அங்குள்ள மீனவர் சிலர் கூறினர். தொடக்கத்தில் அதில் உண்மை இருந்திருக்கலாம். மீட்புப்பணம் கோடிகளில் புழங்கத் தொடங்கியபின் அது வெறும் தொழில். கடற்கொள்ளைக்கென்று இந்தியா 2022இல் தனிச் சட்டம் இயற்றியது. 2024 மார்ச்சில் 'ரூயன்' என்ற சரக்குக் கப்பலிலிருந்து 17 மாலுமிகளை மீட்ட இந்தியக் கடற்படை, பிடித்த 35 பேரை மும்பைக்குக் கொண்டுவந்து காவல்துறையிடம் ஒப்படைத்தது.